அம்மாவின் அறையில் பகலில் யாரும் லைட் போடவில்லை

"அம்மாவுக்குத்தான் தெரியாதே, லைட் எதுக்கு?"

எங்கள் வீட்டில் எட்டு மாதம் இந்தப் பேச்சு நடந்தது. சொன்னவர்களில் நானும் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. பார்வை இல்லாதவருக்கு விளக்கு வேண்டாம் என்பதில் தப்பாக எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த எட்டு மாதத்தில் அம்மாவின் உடம்பு இரவையும் பகலையும் தொலைத்துவிட்டது. காரணம் எங்கள் கையில் இருந்த சுவிட்ச். இதை ஒரு கண் டாக்டர், ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு எங்களுக்குக் காட்டினார். பார்வை போனவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் யாராவது படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வந்தது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். விழித்திரையில் மங்கலான ஒளிக்கென்று இருக்கும் கம்புச் செல்கள் முதலில் சாகும். அப்புறம் பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் உரிய கூம்புச் செல்கள் போகும். பரம்பரையாக வருவது. எங்கள் பாட்டி தன் தாய்மாமனையே கட்டியவர். சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் இது கூடுதலாக வருகிறது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். சின்ன வயதில் அம்மா பொழுது சாய்ந்தால் தட்டுத் தடுமாறுவாராம். மாலைக்கண் என்று முருங்கைக் கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணாக இருந்தால் அதில் சரியாகியிருக்கும். இது வேறு. நாற்பது வயதில் குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் பார்வை இருந்தது. ஐம்பத்தைந்தில் அதுவும் போயிற்று.

ஆனாலும் கோவில்பட்டிப் பக்கம் ஊரில் இருந்தவரை அம்மாவுக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை. விடியற்காலை எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். வேப்பமர நிழலில் பருத்தி பிரிப்பது, புளி உடைப்பது, பூ கட்டுவது என்று பகல் முழுக்க வெளியில்தான். இரவு எட்டு மணிக்கு அப்பா கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிடுவார். ஒன்பதுக்கெல்லாம் அம்மா நல்ல தூக்கத்தில் இருப்பார்.

அப்பா இறந்தபின் அம்மாவை மதுரையில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இரண்டாவது மாடியில் வாடகை வீடு. அம்மாவுக்குக் கொடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தால் மூன்றடிச் சந்து, அதற்கப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர். பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்த அறையில் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடியாது. அம்மா பேப்பர் படிக்கப் போவதில்லை. அதனால் நாங்கள் லைட் போடவில்லை.

ராத்திரி கதையே வேறு. மகன் அப்போது பிளஸ் டூ. ஹாலில் டி.வி. ஓடும், எங்கள் அறை சின்னது. "பாட்டிக்கு லைட் தொந்தரவு இருக்காது" என்று அவன் மேசையைப் பாட்டி அறையில் போட்டோம். வெள்ளை வெளேரென்ற எல்இடி டியூப் லைட், மேசையில் இன்னொரு எல்இடி விளக்கு. ஒரு மணி, ஒன்றரை மணி வரை இரண்டும் எரியும். படித்தபடியே தூங்கிப் போனான் என்றால் விடியும்வரை எரியும். பாட்டி கட்டில் மேசையைப் பார்த்தபடி இருந்தது.

ஆக அம்மாவுக்குப் பகல் இருட்டு, இரவு வெளிச்சம். இன்று எழுதும்போது இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதத்தில் ஆரம்பித்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "ஏட்டி, விடிஞ்சிட்டா?" என்பார். தலை வாரிக்கொள்வார். காலை பத்து மணிக்கு இட்லியை வாயில் வைத்தபடியே கண் செருகிவிடும். மதியம் முழுக்கத் தூக்கம், சாயங்காலம் தலைவலி, எதிலும் பிடிப்பில்லை. அப்பா போன துக்கம் என்றார்கள். வயசு என்றார்கள். மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று ஒருவர் பயமுறுத்தினார். ஓர் இடத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் இரவு மாத்திரை மயக்கத்தில் பாத்ரூமுக்கு எழுந்து போன அம்மா நிலைப்படியில் விழுந்து, மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கண் தெரியாத வயதானவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பதற்குமுன், அவர் ஏன் தூங்கவில்லை என்று ஒரு முறையாவது முழுதாக விசாரித்திருக்க வேண்டும். நாங்களும் விசாரிக்கவில்லை, கொடுத்தவரும் விசாரிக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனது தூக்கத்துக்காக அல்ல. அம்மாவின் கண்ணில் வெள்ளையாகப் புரை தெரிந்தது. ஆர்.பி. உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரமே வரும். பார்வைதான் இல்லையே, எடுக்க வேண்டுமா என்று கேட்கப் போனோம். பார்த்தவர் இளம் வயதுப் பெண் டாக்டர், விழித்திரைப் பிரிவு.

"அம்மா, நேராப் பாருங்க."

"நேருன்னா எந்தப் பக்கம் தாயி? உங்க குரலு வர்ற பக்கமா?"

"ஆமாம்மா, என் குரலைப் பாருங்க."

அறை விளக்குகளை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் மினுக்கென்று ஒரு சின்ன விளக்கை மட்டும் வைத்தார். சில நிமிடம் பேச்சுக் கொடுத்தபடி காத்திருந்தார். அப்புறம் டார்ச்சை அம்மாவின் கண்ணில் ஒரு நொடி அடித்து எடுத்தார். கருவிழிக்கு நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், நாம் கண் பாப்பா என்போமே, அந்தக் கண்மணி, நான் பார்த்தவரை அசையவில்லை. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அடுத்து அவர் செய்ததுதான் ஆச்சரியம். டார்ச்சைக் கண்ணிலேயே நிறுத்தி மெல்ல எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... அல்லிப் பூ வெயிலில் கூம்புவதுபோல அம்மாவின் கண்மணி மெதுவாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. பத்து எண்ணியதும் டார்ச்சை அணைத்தார். வெளிச்சம் போயும் அது விரியவில்லை. நான் மனசுக்குள் இருபதுக்கு மேல் எண்ணிவிட்டேன். அப்போதும் பாதிதான் விரிந்திருந்தது. ஒப்பிட்டுக் காட்டுவதற்காக என் கணவரின் கண்ணில் டார்ச்சை அடித்து எடுத்தார். சட்டென்று சுருங்கி, சட்டென்று விரிந்தது.

"அப்போ அம்மாவுக்குக் கொஞ்சம் தெரியுதா டாக்டர்?" என் குரல் நடுங்கியது.

"பார்க்கிறதுன்னு நாம சொல்ற அர்த்தத்தில் தெரியலை. அம்மா, இப்போ லைட் அடிச்சது தெரிஞ்சுதா?"

"இல்ல தாயி."

"அவங்களுக்குத் தெரியலை, ஆனா கண்ணுக்குத் தெரியுது" என்றார். உடனே அடுத்த கேள்வி கேட்டார்: "ராத்திரி தூங்குறாங்களா?"

கண்மணிக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தோம். வெளியே கூட்டம் காத்திருந்தும், அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்து நானும் தேடித் தேடிப் படித்தேன். புரிந்துகொண்டதை என் பேச்சில் சொல்கிறேன்.

விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் செல்கள் இரண்டே வகை, கம்பும் கூம்பும், என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. கம்பும் கூம்பும் பிடித்ததை மூளைக்கு அனுப்பும் நரம்புச் செல்கள் கண்ணுக்குப் பத்து லட்சம் போல இருக்கின்றன. அவற்றில் சில ஆயிரம் செல்கள் மட்டும், நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, தாங்களே ஒளியை உணரக்கூடியவை. அவற்றுக்குள் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. அலைநீளம் 480 நானோமீட்டர் பக்கம் உள்ள நீல ஒளிக்கு அது நன்றாக வேலை செய்யும். சிவப்புக்கு ஏறக்குறைய அசையாது. இந்தச் செல்கள் உருவத்தைக் காட்டுவதற்காக ஏற்பட்டவை அல்ல. வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து சொல்வதே அவற்றின் முக்கிய வேலை. அந்தச் செய்தியில் ஒரு பங்கு மூளைத்தண்டின் மேல்பகுதிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து கண்மணியைச் சுருக்குகிறது. இன்னொரு பங்கு உடம்பின் கடிகாரம் இருக்கும் இடத்துக்குப் போய், இப்போது பகலா இரவா என்று சொல்கிறது. ஆர்.பி. கம்பையும் கூம்பையும் தின்றுவிட்டாலும், உள்ளடுக்கில் இருக்கும் இந்தச் செல்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன.

அம்மாவின் கண்மணி அப்படி நிதானமாக அசைந்ததற்கும் இதுதான் காரணம். கம்பும் கூம்பும் சுருக்கினால் சுள்ளி பற்றுவதுபோல உடனே நடக்கும். மெலனாப்சின் செல்கள் கட்டை விறகு மாதிரி. பற்ற நேரமாகும், நல்ல வெளிச்சம் வேண்டும். பற்றிவிட்டால் தீ அணைந்த பிறகும் தணல் கிடக்கும். ஒளியை அணைத்தபின் கண்மணி எவ்வளவு நேரம் சுருங்கியே இருக்கிறது என்று பார்த்தால் இந்தச் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று ஊகிக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டி, கேமராவால் கண்மணியை அளக்கும் கருவியே இருக்கிறதாம். எங்களுக்கு டார்ச்சும் ஒரு நல்ல டாக்டரும் போதுமானதாக இருந்தது.

ஒரு பழைய காயமும் அன்று ஆறியது. பல வருடத்துக்கு முன் ஊனமுற்றோர் சான்றிதழ் முகாமுக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருந்தோம். வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசை. மேசையில் இருந்தவர் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "பாப்பா நல்லாச் சுருங்கியிருக்கே, பார்வை இல்லைங்கிறீங்க?" என்றார். பின்னாலிருந்து யாரோ, "பென்ஷனுக்காக வர்றாங்க" என்றது அம்மா காதில் விழுந்தது. கடைசியில் விழித்திரையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் பரிசோதனையில் கோடு தட்டையாக வந்த பிறகுதான் சான்றிதழ் கிடைத்தது. கண்மணி சுருங்குவதைப் பார்வையின் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளையின் பின்பகுதி அடிபட்டுப் பார்வை போனவர்களுக்கும் கண்மணி ஒழுங்காகச் சுருங்கும், ஏனென்றால் கண்மணிக்குப் போகும் பாதை முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. இதை டாக்டர் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த முகாமை அவரும் நினைத்திருக்கிறார்.

இந்த மூன்றாவது செல் கண்டுபிடிக்கப்பட்ட கதை என்னை விடவே இல்லை. 1920-களில் ஹார்வர்டில் மாணவராக இருந்த கிளைட் கீலர், பிறவியிலேயே விழித்திரை கெட்டுப்போன எலிகளை வளர்த்தார். குருட்டு எலிகள், ஆனால் வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்கியது. 1927-இல் அதை எழுதியும் வைத்தார். அதற்குப்பின் எழுபது வருடத்துக்கு மேல் அதற்குச் சரியான விடை வரவில்லை. 1991-இல் ரஸ்ஸல் ஃபாஸ்டரும் அவரோடு வேலை செய்தவர்களும், பார்வை இல்லாத எலிகளும் ஒளியை வைத்துத் தங்கள் நாள் கணக்கைச் சரிசெய்துகொள்கின்றன என்று காட்டினார்கள். 1998-இல் மெலனாப்சின் கிடைத்தது கண்ணில் அல்ல, ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் தோலில். வெளிச்சத்துக்கு ஏற்பத் தோல் நிறம் மாறும் தவளை அது. அந்த நிறச் செல்லில் இருந்த பொருளே மனிதரின் விழித்திரையிலும் இருப்பது 2000-இல் தெரிந்தது. 2001-இல் கம்பும் கூம்பும் இரண்டுமே இல்லாத எலியின் கண்மணியும் நீல ஒளிக்குச் சுருங்குவதை அளந்தார்கள். 2002-இல் டேவிட் பெர்சன் குழு அந்தச் செல்லையே பிடித்து, மற்றவற்றோடு தொடர்பை அறுத்துவிட்டு ஒளி காட்டியது. தனியாகவே அது துடித்தது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? 2007-இல் வந்த ஓர் ஆய்வில் 87 வயதுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். கம்பும் கூம்பும் அழிந்து பார்வை போனவர். அவர் கண்மணியும் 480 நானோமீட்டர் பக்கம்தான் அதிகம் சுருங்கியது. இரண்டு தடவையில் ஒன்றில் மட்டும் விளக்கைப் போட்டு, எரிந்தது முதல் தடவையா, இரண்டாம் தடவையா என்று கேட்டபோது, 481 நானோமீட்டர் நீல ஒளிக்கு மட்டும் அவரால் சரியாகச் சொல்ல முடிந்தது. வேறு நிறங்களுக்கு முடியவில்லை. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. அம்மா சில விடியற்காலைகளில் திண்ணையில் உட்கார்ந்து, "இன்னைக்கு மூட்டமா இருக்கோ?" என்று கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. வெயில் சூட்டை வைத்துச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம். அப்படியும் இருக்கலாம். கண்ணும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

அதற்கு முன்பே 1995-இல் அமெரிக்காவில் சார்லஸ் சைஸ்லர் குழு பார்வையற்ற 11 பேரைப் பரிசோதித்தது. இரவில் இரத்தத்தில் ஊறும் மெலடோனின் என்ற சுரப்பு, கண்ணில் பிரகாசமான ஒளி பட்டால் குறையும். ஒளியே தெரியவில்லை என்று சொன்ன அந்த 11 பேரில் மூன்று பேருக்கு அது குறைந்தது. அந்த மூவரில் இருவருக்குக் கண்ணை மூடிக் கட்டிவிட்டு ஒளி காட்டியபோது குறையவில்லை. அம்மாவின் கட்டிலுக்கு எதிரே விடிய விடிய எரிந்த டியூப் லைட் என்ன செய்திருக்கும் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

சரி, என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன்.

அன்று இரவே மகனின் மேசை ஹாலுக்கு வந்தது. டி.வி. ஒன்பது மணிக்கு நின்றது. முதல் வாரம் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. அம்மா அறை டியூப் லைட்டைக் கழற்றவில்லை. அது பகலுக்கு வேண்டும். ராத்திரிக்கென்று கட்டிலிலிருந்து தள்ளி, முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மாட்டினோம். அது அம்மாவுக்காக அல்ல, ராத்திரி எழுந்து வரும் எங்களுக்காக. முன்பு அங்கே நீல நிற ஜீரோ வாட் பல்பு இருந்தது, எத்தனையோ வீடுகளில் படுக்கையறையில் இருக்கும் அதே பல்பு. மங்கல்தான், பெரிய கெடுதல் செய்திருக்காது. ஆனாலும் மெலனாப்சினுக்குப் பிடித்த நிறத்தைப் பார்த்துத் தேடி ராத்திரியில் எரிக்க வேண்டுமா? மாற்றிவிட்டேன்.

இரவைச் சரிசெய்வது சுலபம். பகல்தான் கஷ்டம். வீட்டுக்குள் விளக்கைப் போட்டுவிட்டால் வெளிச்சம் வந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். நம் கண் அப்படி ஏமாற்றும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். வெளியில் நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். மர நிழலிலும் சில ஆயிரம் இருக்கும். வீட்டு அறையில் டியூப் லைட்டின் கீழ் நூறு, இருநூறுதான். போனில் லக்ஸ் அளக்கும் ஆப் போட்டுப் பார்த்தேன். துல்லியம் கிடையாது, வித்தியாசத்தைப் பார்க்கப் போதும். அம்மாவின் தலையணைப் பக்கம் பகல் பதினோரு மணிக்கு லைட் இல்லாமல் 6 காட்டியது. அதே நேரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் நாலாயிரத்துக்கு மேல்.

2022-இல் இந்தத் துறை ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். மெலனாப்சின் உணரும் ஒளியின் கணக்கில் அளந்தால் பகலில் கண்ணருகே குறைந்தது 250 லக்ஸ், படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பிருந்து 10-க்கு மேல் வேண்டாம், தூங்கும்போது 1-க்கு மேல் வேண்டாம் என்பது அதன் சாரம். இது ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சொன்னது. அம்மாவுக்கென்று யாரும் அளவு போட்டுத் தரவில்லை. ஆனாலும் எங்கள் அறையில் இந்தக் கணக்கு தலைகீழாக நடந்துகொண்டிருந்தது என்று தெரிய அது போதும்.

காலை ஆறரைக்கு அம்மாவை மொட்டைமாடிக்கு ஏற்றினோம். படிக்கட்டின் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது; வீட்டுக்காரரிடம் சொல்லி முதலில் அதைச் சரிசெய்தோம். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் கைப்பிடியில் துணி சுற்றிவைத்தேன், கை பட்டதும் படி முடிந்தது தெரியும். கிழக்கைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சூரியனை நேராகப் பார்க்கும்படி உட்கார வைக்கவில்லை. பார்வை இல்லை என்பதற்காகக் கண் வேகாது என்று அர்த்தமில்லை. நிழலில், வானம் பார்த்தபடி, முக்கால் மணி நேரம். அங்கேயே காபி, அங்கேயே ரேடியோ. பத்து மணிக்குமேல் ஹாலில் ஜன்னலோரமாகக் கட்டில். மதியம் அரை மணிக்கு மேல் தூங்கவிடாமல் பூ கட்டக் கொடுத்தோம்.

நான் எதிர்பார்க்காத ஒரு தடை அம்மாவின் கறுப்புக் கண்ணாடி. கண் தெரியாதவர் என்றால் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று ஊரில் யாரோ வாங்கிக் கொடுத்தது. கண் மேலே செருகிப் போவதைப் பிள்ளைகள் பார்த்துப் பயப்படுவார்கள் என்று அம்மாவுக்குக் கூச்சம். காலையில் எழுந்ததும் போட்டால் படுக்கும்போதுதான் கழற்றுவார். மாடிக்கும் அதோடுதான் வந்தார். பத்து நாள் போன பிறகுதான் எனக்கே உறைத்தது, இவ்வளவு தூரம் ஏற்றிக் கொண்டுவந்த வெளிச்சத்தைக் கண்ணாடியில் நிறுத்திக்கொண்டிருக்கிறோம் என்று. டாக்டரிடம் போனில் கேட்டேன். உச்சி வெயிலில் போடட்டும், காலையிலும் வீட்டுக்குள்ளும் வேண்டாம் என்றார். அம்மாவைச் சம்மதிக்க வைக்க நாலு நாள் ஆயிற்று. மாடியில் யாரும் இல்லை, நானும் நீயும்தான் என்று தினமும் சொன்னேன்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிய பிறகு மூன்றாவது வாரத்தில்தான் இரவு இரண்டு மணிக் கேள்வி பெரும்பாலும் நின்றது. நோட்டில் குறித்து வைத்திருந்ததால் சொல்கிறேன்: அதற்கு முந்தைய மாதம் 30 இரவில் 22 இரவு எழுந்திருந்தார், அதற்கடுத்த மாதம் 7. மழைக்காலத்தில் நாலைந்து நாள் மாடிக்குப் போக முடியாதபோது திரும்பக் குழம்பியது. வெளிச்சம் மட்டும்தான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். மாடிக்கு ஏறுவதே உடற்பயிற்சி, ரேடியோ துணை, நான் பக்கத்தில் உட்கார்ந்தது ஆறுதல். எல்லாம் சேர்ந்திருக்கும். நீங்களும் நோட்டுப் போடுங்கள். டாக்டரிடம் போகும்போது "சரியாத் தூங்கறதில்லை" என்பதைவிட அந்த நோட்டு நிறையப் பேசும்.

புரையையும் எடுத்தோம். பார்வைக்குப் பலன் இருக்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, குறிப்பாக நீல ஒளியைத்தான் தடுக்கிறது, கண்மணியும் சிறுத்துப்போகிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே போகும் வெளிச்சம் இன்னும் குறைவு. எல்லோருக்கும் இதற்காக ஆபரேஷன் தேவையில்லை. அம்மாவுக்குப் புரை முற்றிக் கண்ணில் அழுத்தம் ஏறும் பயமும் இருந்ததால் எடுப்பது என்று முடிவானது. ஆபரேஷனுக்கு முன் வீட்டில் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஆண்களுக்குப் புராஸ்டேட் தொல்லைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் கருவிழித் தசையைத் தளர்த்தி ஆபரேஷனில் சிக்கல் தரும் என்று பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரிடம் நர்ஸ் சொன்னதைக் கேட்டேன். கண்மணியை விரிக்க ஊற்றும் சொட்டு மருந்தின் வேகம் பல மணி நேரம் இருக்கும். பார்வை உள்ளவர்கள் அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.

டாக்டர் செய்ததைப் பார்த்துவிட்டு வீட்டில் யார் கண்ணிலும் போன் டார்ச்சை அடித்துச் சோதிக்காதீர்கள், லேசர் லைட்டைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். கண்மணியின் அளவு பல காரணத்தால் மாறும். எங்கள் கரிசல் காட்டில் பருத்திக்கு மருந்தடித்து மயங்கி விழுந்தவர்களுக்குக் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிடும். ஊமத்தங்காய் தின்ற பிள்ளைக்கு அகல விரிந்துவிடும். இரண்டுமே நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை. இரண்டு கண்ணிலும் கண்மணி திடீரென்று வேறு வேறு அளவில் தெரிந்தாலும் அப்படித்தான்.

பார்வை போன எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) முற்றிப் பார்வை நரம்பே செத்தவர்களுக்கும், விபத்தில் இரண்டு கண்ணையும் எடுத்தவர்களுக்கும் வெளிச்சம் என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர வழியில்லை. மனித உடம்பின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடுவது. திருத்த வெளிச்சம் இல்லையென்றால் தூக்கம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், சில வாரம் நன்றாகத் தூங்குவார்கள், சில வாரம் பகலில்தான் தூங்குவார்கள். அவர்களுக்கு வேளை தவறாத சாப்பாடும் நடையும், டாக்டர் நேரம் குறித்துக் கொடுக்கும் மெலடோனினும் உதவலாம். கடையில் நாமே வாங்கிக் கொடுப்பது வேண்டாம். கொடுக்கும் நேரம் தவறினால் பலன் மாறிப்போகும். அப்புறம், "பார்வை இல்லாத கண்தானே, வலிக்கிறது என்றால் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் எட்டுகிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். எடுத்தே ஆக வேண்டிய நிலை இருக்கலாம். கேட்டுவிட்டு எடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் அம்மா இருக்கும் அறைக்குள் போகிறவர்கள் சுவிட்சைத் தொட்டால் சொல்லிவிட்டுத்தான் தொடுவோம். இதை ஆரம்பித்தது என் மகன். இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறான், லீவுக்கு வந்தால் பாட்டி அறையில் பாய் விரித்துப் படுப்பான்.

"பாட்டி, லைட்டை அணைக்கிறேன்."

"அணைய்யா. மணி ஒம்பதாயிட்டா?"

"ஆயிட்டு பாட்டி."